ஒருபுடை உவமை

என் பெரியப்பா தாலுக்காக் கச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம், உறவினர் எல்லோருக்கும் மாதம் ஒரு தபால் கார்டு எழுதுவது. கச்சேரிக் காகிதத்தில் பழகிய கை ஆகையால் எழுத்து ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, வரி பிசகாமல், அச்சுக் கோத்தாற்போல் நிற்கும். அவர் காலமாகிப் பல வருஷங்கள் சென்ற பின்பு, பரணிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கார்டுகளைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பிப் பார்த்த ஒரு மத்தியானத்தில்தான், அவை வந்துகொண்டிருந்த காலத்தில் எங்களில் யாரும் பொருட்படுத்தாத ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஆரம்பக் கார்டுகளில் இடம் போதாமல் ஓரத்தில் குறுக்கே எழுதி முடித்திருக்கிறார், சில வருஷங்களில் கார்டு சரியாக நிரம்புகிறது, பிறகு கால்பாகம் வெறுமையாக இருக்கிறது, பிறகு பாதி. சொல்லவேண்டிய க்ஷேம சமாசாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. எழுத்துத்தான் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு வரியும் இடது ஓரத்தில் நிமிர்ந்து புறப்பட்டு, போகப் போகக் குன்றி, வலது ஓரத்தை அடைவதற்குள் எறும்புச் சாரிபோல் ஆகிவிடுகிறது. கிழவர் மையில்கூடச் சிக்கனம் பிடிக்கிறார் என்று நாங்கள் அப்போது சிரித்தோம். மடியில் சும்மா கிடந்த வலது கை தானாக நடுங்கத் தொடங்கியதும், வைத்தியர் அதற்குப் பார்க்கின்ஸன் வியாதி என்று பெயர் சொன்னதும், அந்தச் சிரிப்புக்கு இரண்டு வருஷம் பின்னால்.

அந்தப் பெயருக்கு உரியவரான ஜேம்ஸ் பார்க்கின்ஸன் லண்டன் நகரத்து ஹாக்ஸ்டன் வட்டாரத்தில் வைத்தியம் பார்த்தவர்; மண்ணில் புதைந்து கல்லாகிப்போன ஜந்துக்களைச் சேகரிப்பதிலும், அரசியல் துண்டுப் பிரசுரம் எழுதுவதிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. 1817ஆம் வருஷம், தம் 62ஆம் வயதில், நடுக்குவாதத்தைப் பற்றி 66 பக்கத்தில் அவர் வெளியிட்ட சிறு நூலில் வரும் நோயாளிகள் ஆறே பேர். அந்த ஆறு பேரிலும் சிலர் அவர் வீதியில் கண்டு நிறுத்தி விசாரித்தவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஓய்ந்திருக்கும் அங்கம் நடுங்குவது, உடம்பு முன்பக்கமாகக் கூனுவது, நடக்கத் தொடங்கிய கால் தன்னை மீறி ஓட்டமாக மாறுவது என்று, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற ஒரு கூரிய கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் அவர் எழுதிவிட்டார். அந்த உடம்புகளுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிட்டவில்லை.

உள்ளே பார்த்தவர்கள் ஒரு நூற்றாண்டு கழித்து வந்தார்கள். மூளையின் நடுத்தண்டில், வெறுங்கண்ணுக்கே கறுப்பாகத் தெரிகிற ஒரு பட்டை இருக்கிறது. கருந்திட்டு என்று அதைச் சொல்லலாம். நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையில் இந்தக் கறுப்பு வெளுத்திருப்பதை 1919இல் பாரிஸில் திரெத்தியாக்காஃப் எடுத்துக் காட்டினார். அதற்கு ஏழு வருஷம் முன்பே, அத்தகைய மூளைகளின் உயிரணுக்களுக்குள் உருண்டையான ஏதோ வண்டல் தேங்கியிருப்பதை லூயி என்பவர் கண்டிருந்தார். கருந்திட்டின் உயிரணுக்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரந்து, சரீரத்தின் அசைவுகளுக்கு உத்தரவு கொடுக்கும் கூட்டத்தில் பங்குகொள்கின்றன என்பது தெரிந்ததற்கோ, நம் நாட்டுப் பச்சிலை ஒன்று மறைமுகமாகக் காரணமாயிற்று. சர்ப்பகந்தியின் வேரிலிருந்து எடுத்த ரெஸர்பின் என்னும் மருந்தை 1957இல் ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்ஸன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை காது தொங்கிக் கல்லாய்ச் சமைந்தன. எல்-டோப்பா என்ற பொருளை ஊசியில் ஏற்றியதும் மறுபடி எழுந்து நடமாடின. அதே எல்-டோப்பாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் சென்னையில் 1937ஆம் வருஷமே எழுதி வைத்திருந்தார்கள். எதற்குப் பயன்படப்போகிறது என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் இந்த வியாதிக்குப் பிரதான ஔஷதம் அதுதான்.

ஆனால் ஔஷதம் குறைந்ததை நிரப்புகிறதே தவிர, குறைவதை நிறுத்துவதில்லை. உயிரணுக்கள் ஏன் சாகின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதைக் கேட்கவேண்டிய நேரமும் நமக்குக் கைக்கு எட்டாத நேரம். கை நடுங்கத் தொடங்கும்போதே கருந்திட்டில் பாதியளவு போய்விட்டிருக்கும். என் பெரியப்பாவின் கார்டில் கால்பாகம் வெறுமையான வருஷத்தில் உள்ளே எத்தனையோ அணுக்கள் அவிந்திருக்கும். உயிரோடு இருக்கிறவர் மண்டையைத் திறந்து பார்ப்பதற்கில்லை. இறந்தவர் மூளையோ நாடகத்தின் கடைசிக் காட்சியில் திரை விழுந்த பிறகு கிடக்கும் மேடை. முதல் அங்கத்தைப் பார்க்க வேண்டுமானால், அதே நாடகத்தை வேறொரு மேடையில், வேறொரு சின்ன நடிகனைக் கொண்டு, முதலிலிருந்து நடத்திப் பார்க்க வேண்டும். வியாதியின் உவமை ஒன்றை உண்டாக்க வேண்டும்.

உவமை என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. விக்ஞானிகள் மாதிரி என்கிற இடத்தில், நம் இலக்கணக்காரர்கள் கையாண்டு தேய்த்த இந்த வார்த்தை அதிகம் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. முகம் சந்திரனைப் போன்றது என்றால் வட்டத்தையும் தண்ணொளியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். களங்கத்தையும் தேய்பிறையையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய் பவளம் என்றால் நிறம் உண்டு, கடினம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஒத்து, மற்றப் பக்கம் ஒவ்வாமல் நிற்பதை ஒருபுடை உவமை என்றார்கள் உரையாசிரியர்கள். எல்லா வகையிலும் ஒத்துவிட்டால் அது உவமையாகாது, பொருளே ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு: உவமையாக எடுத்துக்கொள்ளும் வஸ்து, உவமிக்கப்படும் வஸ்துவைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. மனிதனுக்கு உவமையாகச் சுண்டெலியைப் பிடித்துவந்தவர்கள் இந்த விதியைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்றுதான் மேலெழுந்தவாரியாகப் பார்க்கிற எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுண்டெலி ஆராய்ச்சிசாலைக்கு வந்த விதமே ஒரு கதை. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் கிரான்பி என்ற கிராமத்தில், பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து அதை விட்டுவிட்ட அபி லாத்ரோப் என்ற அம்மாள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வீட்டில் வைத்துச் சீராட்டுவதற்கென்று அழகு எலிகளை வளர்த்து விற்றுவந்தாள். அவளிடம் வாங்கிய எலிகளில் 57 என்று இலக்கமிட்ட ஒரு பெண்ணெலியின் சந்ததியை, கிளாரன்ஸ் லிட்டில் என்பவர் 1921இலிருந்து உடன்பிறந்த எலிகளையே ஜோடி சேர்த்துப் பெருக்கினார். இருபது தலைமுறைக்கு மேல் இப்படி நடத்திவிட்டால், அந்த வம்சத்தில் எந்த எலியை எடுத்தாலும் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள்போல் ஆகிவிடுகின்றன. ஒரே புத்தகத்தின் பிரதிகள் என்று சொல்லலாம். ஒரு பிரதியில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றினால், பிறகு தெரிகிற வித்தியாசத்துக்கெல்லாம் அந்த ஓர் எழுத்தே பொறுப்பு. சி57 கறுப்பு என்று உலகமெங்கும் வழங்குகிற அந்த வம்சத்தின் மீதுதான் இந்த வியாதியைப் பற்றிய எழுத்து மாற்றங்களில் பெரும்பாலானவை செய்யப்பட்டிருக்கின்றன.

மாற்றவேண்டிய எழுத்து எது என்பதை இத்தாலியின் தெற்கே, ஸலேர்னோ ஜில்லாவில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கோந்தூர்ஸி என்ற மலையூர் காட்டிக்கொடுத்தது. அவ்வூர்க் குடும்பம் ஒன்றிலும், அதிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கிளைகளிலும், நாற்பது ஐம்பது வயதுக்குள்ளேயே நடுக்குவாதம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. பாலிமெரோபூலஸும் அவருடைய கூட்டத்தாரும் 1997இல் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். ஆல்பா ஸினூக்ளீன் என்ற புரோட்டீன் 140 கண்ணிகளுள்ள ஒரு சங்கிலி. அதில் 53ஆம் கண்ணியில் அலனின் இருக்கவேண்டிய இடத்தில் திரியோனின் இருந்தது. ஒரே கண்ணி. அதே வருஷத்தில், லூயி கண்ட வண்டல் உருண்டைகள் இந்தப் புரோட்டீனால்தான் நிறைந்திருக்கின்றன என்பதை ஸ்பில்லாந்தீனியும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். கோந்தூர்ஸிக் குடும்பத்தின் அபூர்வப் பிழையும், எந்தப் பிழையும் தெரியாத என் பெரியப்பாவைப் போன்ற லட்சக்கணக்கானவர்களின் சாதாரண வியாதியும் ஒரே வாய்க்காலில் வந்து சேர்ந்தன.

அடுத்தபடி, அந்தப் புரோட்டீனை உண்டாக்கும் மனித ஜீனை எலிக்குள் ஏற்றுவது. கருத்தரித்து ஒரே அணுவாக இருக்கும் முட்டையை நுண்ணிய கண்ணாடிக் குழலின் நுனியில் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, இன்னும் நுண்ணிய மற்றொரு குழலால் அதன் கருவுக்குள் ஜீனைச் செலுத்தி, செவிலித்தாயாக வாய்த்த வேறோர் எலியின் வயிற்றில் வைத்துவிடுகிறார்கள். பிறக்கும் குட்டிகளில் சில, மனித புரோட்டீனைத் தம் மூளையிலே உண்டாக்கத் தொடங்கும். 2000ஆம் வருஷத்தில் மாஸ்லையாவின் ஆராய்ச்சிசாலையிலிருந்து இத்தகைய எலிகள் வெளிவந்தபோது, அவற்றின் மூளையில் வண்டல் இருந்தது, டோபமைன் நரம்பு நுனிகள் குறைந்திருந்தன, நடையும் தடுமாறியது. கருந்திட்டின் உயிரணுக்கள் மட்டும் சாகவில்லை. 2002இல் கோந்தூர்ஸிப் பிழையையே சுமந்த எலிகள் வந்தன. அவை சில மாதங்கள் சௌக்கியமாக இருந்து, பிறகு திடீரென்று கால் விளங்காமல் படுத்து இறந்தன. நோயின் வேகம் பயங்கரமாகத்தான் இருந்தது. ஆனால் அடி விழுந்த இடம் தண்டுவடமும் மூளைத்தண்டும். கருந்திட்டு பெரும்பாலும் அப்படியே இருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்தது, ஆனால் பக்கத்து வீட்டில்.

இந்தக் கட்டத்தில்தான், முதலில் அறிந்தபோது என்னைச் சற்று நேரம் வேறொன்றையும் யோசிக்க விடாத அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். மனிதனில் 53ஆம் கண்ணி திரியோனினாக மாறினால் நாற்பத்தைந்து வயதில் கை நடுங்குகிறது. எலியின் ஸினூக்ளீன் சங்கிலியில் அதே 53ஆம் கண்ணியில் சுபாவமாகவே இருப்பது திரியோனின். எதையும் ஏற்றவேண்டியதில்லை, எதையும் மாற்றவேண்டியதில்லை. தானியக் குதிரில் ஓடுகிற எலியும், லாத்ரோப் அம்மாளின் அழகு எலியும், கோந்தூர்ஸி வீட்டு அடுக்களையில் ரொட்டித் துணுக்குப் பொறுக்கிய எலியும், தாய்வழி தந்தைவழி இரண்டிலும் நம்முடைய வியாதியைப் பிறவியிலேயே ஏந்திக்கொண்டு ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. நமக்குச் சாபமாக வந்தது எலிக்குப் பிரகிருதி. பிழை என்ற வார்த்தையை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டோம் என்று அப்போது கூச்சமாக இருந்தது. எந்தப் புத்தகத்தில் என்று சொல்லாமல் ஓர் எழுத்தைப் பிழை என்று சொல்ல முடியாது. தொல்காப்பியரின் விதியும், தெரியாமலே காக்கப்பட்டிருக்கிறது: இந்த ஒரு விஷயத்திலாவது உவமை பொருளைவிட உயர்ந்ததே.

உயர்வு இதோடு நிற்கவில்லை. ஸினூக்ளீன் இல்லாமலே ஓர் எலி வாழுமா என்று பார்ப்பதற்காக, அந்த ஜீனை அடியோடு நீக்கி 2000இல் எலிகளை உண்டாக்கினார்கள். அவை வளர்ந்தன, குட்டி போட்டன, டோபமைன் சுரப்பில் நுட்பமாகத் தேடினால்தான் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. மறு வருஷம் லண்டனிலிருந்து இதைவிட விசித்திரமான செய்தி வந்தது. சி57 கறுப்பு வம்சத்தின் ஒரு கிளையில், மனிதன் கை வைக்காமலே, அந்த ஜீன் இருந்த துண்டு தானாக உதிர்ந்து போயிருந்தது. சாதாரண எலி என்று எண்ணி வாங்கி, சாதாரண எலி என்று எண்ணி ஒப்பிட்டு, பரிசோதனைகளை நடத்திக்கொண்டிருந்தவர்களில் யாருக்கும் அது தெரியாது. எலியின் நடையிலோ உடையிலோ காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை.

வேறு குடும்பங்கள் வேறு ஜீன்களைக் காட்டின. ஜப்பான் தேசத்தில், வாலிப வயதிலேயே நடுக்குவாதம் கண்ட குடும்பங்களிலிருந்து 1998இல் பார்க்கின் என்ற ஜீன் தெரியவந்தது; பிறகு டிஜே-1, பிங்க்-1. இவை கெட்டுப்போனால் மனிதனுக்கு வியாதி நிச்சயம். எலியில் பார்க்கினை நீக்கினார்கள்; கருந்திட்டு குறையவில்லை. மற்றவற்றையும் தனித்தனியே நீக்கிப் பார்த்தார்கள், குறையவில்லை. கடைசியில் மூன்றையும் சேர்த்தே ஒரே எலியில் நீக்கி, சுண்டெலியின் கணக்கில் பழுத்த கிழப்பருவமான 24 மாதம்வரை வளர்த்து, உயிரணுக்களை எண்ணினார்கள். 2009இல் வெளியான அந்தக் கட்டுரையில் எண்ணிக்கை சரியாக இருந்தது. 24ஆம் மாதத்தில் டோபமைன் குறையாததோடு சற்றுக் கூடியும் இருந்தது.

பல வருஷத்து உழைப்பின் முடிவில் இப்படி ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரைத் தோற்றவர் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. உவமை ஒத்துப்போகிற இடத்தில், முன்பே அறிந்ததை இன்னொரு தடவை காண்கிறோம். ஒவ்வாமல் இடறுகிற இடத்தில்தான் அறியாதது கதவைத் தட்டுகிறது. நோய் வராத எலி, வியாதியைப் பற்றி நோய் வந்த எலியைவிடக் கடினமான கேள்வியைக் கேட்கிறது: உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

பதிலாகச் சிலவற்றைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். முதலாவது, எலியின் கருந்திட்டு கறுப்பே இல்லை. மனித உயிரணுக்களில் வயது ஏற ஏறப் படிகிற அந்த மை அதற்குப் படிவதில்லை. இரண்டாவது, நம்முடைய கருந்திட்டின் ஓர் உயிரணு தாங்குகிற குடும்பபாரம். அதன் ஒற்றை நரம்பிழை கிளைத்துக் கிளைத்து மூளையில் பரவியிருப்பதையெல்லாம் நீட்டி அளந்தால் சில மீட்டர் வரும் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனை தூரத்துக்கும் அன்றாடம் சக்தி அனுப்பவேண்டியவன், வீட்டில் ஒரே சம்பாத்தியக்காரன். எலியின் குடும்பம் சிறியது. மூன்றாவது, காலம். இரண்டு வருஷ ஆயுசில் சேரமுடியாத ஏதோ ஒன்று எழுபது வருஷத்தில் சேர்ந்துவிடுகிறது. இந்த ஊகங்களுக்கு எலியே சாட்சியும் சொல்லியிருக்கிறது. உயிரணுவுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்புகள், டோபமைன் அணுக்களில் மட்டும் மெல்ல அவியும்படி செய்த எலிகள் 2007இல் ஸ்வீடனிலிருந்து வந்தன. அவை வாலிபத்தில் சரியாக இருந்து, பிறகு நாளுக்கு நாள் தளர்ந்து, நம் வியாதியின் அதே மந்தகதியில் போயின. பழுதான அடுப்பை அகற்றுவதே பார்க்கினுடைய வேலை. அது இல்லாத எலியோடு, அடுப்புகள் சீக்கிரம் பழுதாகும் வம்சத்தை 2015இல் கலந்தபோது, அதுவரை மசியாத கருந்திட்டு மசிந்தது. குப்பை அள்ளுகிறவன் வராவிட்டால் முதல் நாளே வீடு நாறுவதில்லை. குப்பை போடுகிறவர்கள் பெருகவேண்டும், அல்லது நாள் பெருகவேண்டும்.

திரியோனின் தரித்த எலியின் கவசமும் முழுக் கவசமல்ல. ஸினூக்ளீன் இழைகளைத் திரித்து, எந்த மாற்றமும் செய்யாத சாதாரண எலியின் மூளையில் ஓரிடத்தில் 2012இல் ஊன்றினார்கள். தயிருக்கு உறை ஊற்றினாற்போல, எலியின் சொந்தப் புரோட்டீனும் அந்த இழைகளைப் பார்த்து உறைந்தது. உறைதல் நரம்பு வழியே பரவிக் கருந்திட்டை அடைந்து அதைக் குறைத்தது. ஸினூக்ளீன் ஜீனே இல்லாத எலியில் ஊன்றியபோது ஒன்றும் உறையவில்லை. பால் இல்லாத இடத்தில் உறை என்ன செய்யும்?

இவ்வளவும் அசைவைப் பற்றிய கணக்கு. ஆனால் என் மனசில் தங்கியிருக்கிற எலி வேறு. 1995இல் பால்மிட்டரும் ஷௌவும் டோபமைனே சுரக்க முடியாத எலிக் குட்டிகளை உண்டாக்கினார்கள். அவை பிறந்தன, சில நாள் வளர்ந்தன. பிறகு எதிரே தீனி இருந்தும் தின்னாமல், தண்ணீர் இருந்தும் குடிக்காமல், அசையாமல் உட்கார்ந்து, சில வாரங்களில் பட்டினியால் மடிந்தன. வாய்க்குள்ளே வைத்தால் விழுங்கத் தெரிந்தது, ருசியும் தெரிந்தது. எழுந்துபோய் எடுப்பது மட்டும் இல்லை. எல்-டோப்பா கொடுத்தால் சில மணி நேரத்துக்கு அவை எலிகளாயின, தின்றன, ஓடின. மருந்தின் வேகம் அடங்கியதும் மறுபடி பொம்மைகள். இச்சைக்கும் செயலுக்கும் நடுவே ஒரு நிலைப்படி இருக்கிறது என்பதையும், அதைத் தாண்டுவதற்கு மனசின் சம்மதம் மட்டும் போதாது, ஒரு சொட்டு ரசாயனமும் வேண்டியிருக்கிறது என்பதையும் எந்தத் தத்துவ கிரந்தமும் எனக்கு இவ்வளவு பச்சையாகக் காட்டியதில்லை. நான் அந்த நிலைப்படியை முன்பே பார்த்திருக்கிறேன். பெரியப்பா கூடத்திலிருந்து ரேழிக்கு வரும்போது, நிலைக்கு ஒரு சாண் முன்னால், தரையில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவார். "வாங்களேன்" என்பாள் பெரியம்மா. "வரத்தாண்டி பார்க்கிறேன்" என்பார் அவர். அவர் சொன்னது வெறும் சமாதானமல்ல என்பதை நான் தெரிந்துகொள்ள அந்த எலிக் குட்டிகள் வேண்டியிருந்தன.

நண்பர் ஒருவருடைய ஆராய்ச்சிசாலையில் சுண்டெலியின் நடையை அளப்பதைப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்குக் குறுகலான மரச் சந்து. தரையில் நீளவாட்டில் வெள்ளைக் காகிதம். கடைசியில் இருட்டான சிறு பெட்டி, எலிக்கு அது புகலிடம். அங்கே இருந்த ஒரு பெண், எலியை இடது உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து, குழந்தைக்கு மருதாணி வைப்பவள்போல, முன்பாதங்களில் சிவப்பும் பின்பாதங்களில் நீலமுமாக மெல்லிய தூரிகையால் தடவினாள். சந்தின் வாயில் விட்டதும் எலி ஒரு கணம் மோந்து பார்த்தது. பிறகு ஓடிப்போய் இருட்டில் ஒடுங்கியது. காகிதத்தில் இரட்டை வரியாகச் சுவடு. ஆரோக்கியமான எலி, முன்கால் எடுத்த இடத்திலேயே பின்காலை வைக்கிறது. சிவப்பின்மேல் நீலம் ஏறி ஒரே புள்ளியாக விழுகிறது. நோய்ப்பட்டதன் காகிதத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்துபோய், இடைவெளி குறுகிக்கொண்டே வருகிறது. அவள் அடிக்கோலை வைத்து ஒவ்வோர் அடியையும் மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் குறித்தாள்.

அந்த எலிக்குப் பிறகு என்ன நேரும் என்பது எனக்குத் தெரியும். அதன் மூளையை மயிரிழையைவிட மெல்லிய தாள்களாகச் சீவி, டோபமைன் அணுக்கள் மட்டும் நிறமேறும்படி சாயம் கொடுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். நான் இதைக் கொலை என்று சொல்லிக் கண்ணைப் பொத்திக்கொள்ளவும் மாட்டேன், தியாகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன். தியாகம் செய்கிறவன் சம்மதிக்க வேண்டும், அந்த எலியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்ட கடனுக்குக் குறைந்தபட்ச வட்டி ஒன்றுண்டு. எலி சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும்: நோய் வராதபோது வரவில்லை என்று, பக்கத்து வீட்டில் வந்தபோது பக்கத்து வீட்டில் என்று. மூன்று ஜீன்களை நீக்கியும் கருந்திட்டு குறையவில்லை என்று அச்சிட்டவர்கள் அந்த வட்டியைக் கட்டியவர்கள். பார்க்கின்ஸன் ஆறு பேரைப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்ததும் அதே நாணயம்தான்.

நண்பர் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் அகலமாகப் புறப்பட்டு, வலது ஓரத்துக்குள் குறுகிவிட்ட அந்தச் சுவடு எனக்குப் புதிதல்ல.

பெரியப்பாவின் கடைசிக் கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நிலைப்படியில் அவர் நின்றுவிடும்போது பெரியம்மா சாக்குக்கட்டியால் தரையில் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். கோட்டைக் கண்டதும் கால் தூக்கித் தாண்டிவிடுவார். அந்த வித்தையை அவள் கார்டுக்கும் கொண்டுபோயிருக்கிறாள். பென்சிலால், அடிக்கோல் வைத்து, அகலம் அகலமாக ஏழு வரிக்குக் கோடு போட்டிருக்கிறது. கோடுகளுக்கு நடுவே, கச்சேரி நாளில் எழுதியதுபோலவே, எழுத்துக்கள் உருண்டு திரண்டு வலது ஓரம்வரை நிமிர்ந்து நிற்கின்றன. மழை பெய்ததையும், மாடு கன்று போட்டதையும், உடம்பு ஒருவாறு சௌக்கியம் என்பதையும் சொல்கின்றன. ஏழாம் வரிக்குக் கீழே கோடு போட அவள் மறந்திருக்கிறாள். அங்கே அவருடைய கையெழுத்து இருக்கிறது. அதைப் படிப்பதற்குக் கார்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோக வேண்டும்.